முன்பணம் தருபவர் முந்திக்கொள்கிறார்: மலைப் பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் பற்றி

கரியாலூரான் | 4 அக்டோபர், இரவு 9.10

தீபாவளி நெருங்குகிறது. எங்கள் மலைக்கு மேஸ்திரி வரும் நேரம். அதனால்தான் இந்த இழையை இப்போதே தொடங்குகிறேன்.

நான் கல்வராயன் மலை. மலையாளி என்ற பழங்குடி இனம். (கேரளத்து மலையாளிகள் வேறு, நாங்கள் வேறு. எங்கள் பேச்சு தமிழ்தான்.) குடகில் காப்பிப்பழம் பறிக்க ஆள் சேர்ப்பவரைத்தான் மேஸ்திரி என்கிறேன். திண்ணையில் உட்கார்ந்து, தலைக்கு இவ்வளவு என்று எண்ணி வைத்துவிட்டுப் போவார். அந்த முன்பணத்தில் பண்டிகை நடக்கும், கடை பாக்கி தீரும், வைத்தியச் செலவும் தீரும். அப்புறம் மாசி வரைக்கும் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கும்.

2012-ல் நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. அந்த வருடம் அப்பாவுக்குக் காலில் அடி. அவருக்குப் பதில் நான் வந்தால் எட்டாயிரம் தருவதாக மேஸ்திரி சொன்னார். நூறு ரூபாய்க் கட்டாக எடுத்து அம்மாவின் முறத்தில் வைத்தார். அம்மா அதைத் தொடவில்லை, நகர்த்தவும் இல்லை. ராத்திரி முழுக்க அது அங்கேயே இருந்தது.

எனக்கு வரவேண்டிய ஸ்காலர்ஷிப் அந்த வருடத்துக்கு 3,000 ரூபாய். போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகையின் 2010 அட்டவணையில், விடுதியில் தங்காமல் பி.ஏ., பி.எஸ்சி. படிப்பவனுக்கு மாதம் 300, அதுவும் பத்து மாதத்துக்கு. விடுதியில் இருந்தால் 570. எட்டாயிரத்துக்கு முன்னால் மூவாயிரம் சின்னத் தொகைதான். ஆனாலும் அந்த மூவாயிரம் அன்றைக்குக் கையில் இருந்திருந்தால் அம்மா முறத்தை அப்படியே தூக்கித் திருப்பிக் கொடுத்திருப்பார். எங்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது கடை பாக்கிக்கும் அப்பாவின் மருந்துக்கும் மட்டும்தான். பணம் வந்ததோ மார்ச் மாதம்.

என்னைக் காப்பாற்றியவர் கீழே டவுனில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒரு அண்ணன். என் விண்ணப்பத்தை நகல் எடுத்தவர் அவர்தான். விஷயத்தைச் சொன்னதும் இரண்டாயிரம் கொடுத்து, "ஸ்காலர்ஷிப் வந்ததும் கொடுடா" என்றார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். நான் டிகிரி முடித்தேன், இன்று அரசு வேலையில் இருக்கிறேன். என் தம்பி குடகுக்குப் போகவில்லை, ஐ.டி.ஐ. முடித்தான். தங்கை நர்சிங். ஒரு வீட்டின் வறுமை எங்களோடு முடிந்தது என்று தைரியமாகச் சொல்வேன்.

அதே வருடம் என்னோடு படித்த இன்னொருவன் முன்பணத்தை வாங்கிக்கொண்டான். அவனுக்கும் அதே ஸ்காலர்ஷிப்தான், அதே 3,000தான். அவனுக்கு ஜெராக்ஸ் கடை அண்ணன் இல்லை.

எங்கள் பிள்ளைகளைத் தேடி வருபவர்கள் எல்லோரும் பணத்தை முன்னால் தருகிறார்கள். காப்பித் தோட்டத்து மேஸ்திரி, செங்கல் சூளைக்காரர், பஞ்சாலை ஏஜென்ட், செம்மரத்துக்கு ஆள் பிடிக்கிற புரோக்கர், எல்லோரும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டு 20 பேர் செத்தார்களே, அவர்களில் பலர் ஜவ்வாது மலையிலிருந்தும் தருமபுரிப் பக்கத்து மலைகளிலிருந்தும் போன எங்கள் ஆட்கள். ஒருவனும் ஆசைப்பட்டு அந்த வேலைக்குப் போகவில்லை. பிள்ளை படிப்பதற்காக வரும் பணம் மட்டும்தான் எல்லாம் முடிந்த பிறகு வருகிறது.

உங்கள் பக்கத்தில் எப்படி? ஸ்காலர்ஷிப்பால் கரையேறியவர்கள், அது இருந்தும் நழுவியவர்கள், இரண்டையும் எழுதுங்கள்.

---

ஓலைக்கொட்டாய் டீச்சர் | 4 அக்டோபர், இரவு 10.02

சார், முறத்தில் இருந்த பணத்தைப் படித்ததும் எனக்கு என் பள்ளி ஞாபகம்தான் வந்தது. திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் பிள்ளைகள் அதிகம் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் பதினோரு வருடம் இருந்தேன்.

அங்கே முன்பணம் மார்கழி, தை வாக்கில் வரும். சூளை தொடங்கினால் மழை வரும் வரை குடும்பம் மொத்தமும் சூளையில்தான். ஆண்டுத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. சூளைக்காரர் அதைக் கொத்தடிமை என்றா சொல்லப்போகிறார்? "அட்வான்ஸ்" என்பார்.

ஆனால் நான் பார்த்த பெரிய தடை பணத்துக்கும் முந்தியது. கம்யூனிட்டி சர்டிபிகேட். தமிழ்நாட்டில் மற்ற பிரிவினருக்குத் தாசில்தார் அளவிலேயே முடிந்துவிடும். எஸ்.டி. சான்றிதழ் மட்டும் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. கையெழுத்தில்தான். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாக ஏறிப் போகும். போலிச் சான்றிதழ்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு, அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் போலி ஆளிடம் எல்லாக் காகிதமும் இருக்கும். ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவரிடம்தான் பட்டா இருக்காது, அப்பாவின் டி.சி. இருக்காது, தாத்தாவின் பிறந்த தேதியும் தெரியாது.

ஐந்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். "நீ இருளர்னு எப்படி நம்புறது?" என்று அந்தக் குழந்தையிடமே கேட்டார்கள். அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அப்பா வெளியே மரத்தடியில் இருந்தார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. ஐந்து தடவை அலைந்து வாங்கினோம். அந்த ஐந்து நாள் கூலியை அவருக்கு யார் கொடுப்பது?

சான்றிதழ் இல்லாமல் ஸ்காலர்ஷிப் என்ற வார்த்தைக்கே அர்த்தம் இல்லை. ஒரு பிள்ளைக்கு வாங்கிவிட்டால் கூடப்பிறந்தவர்களுக்கு வாங்குவது சுலபம். அதனால்தான் தெருவில் முதல் பிள்ளைக்கு வாங்க உயிரைக் கொடுத்து அலைய வேண்டும் என்பேன்.

---

நேர்கோடு | 5 அக்டோபர், காலை 7.41

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மனதில் பட்டதைக் கேட்கிறேன். நானும் கஷ்டப்பட்டுப் படித்தவன்தான். வறுமை எல்லாச் சமூகத்திலும் இருக்கிறது. பழங்குடி என்று தனியாக எதற்கு? ஏழை என்றால் எல்லோருக்கும் ஒரே உதவித்தொகை கொடுக்கலாமே. இன்னொன்று, டிகிரி முடித்தும் வேலை இல்லாமல் இருப்பவர்கள் ஏராளம். மூன்று வருடம் பணம் கொடுத்துப் படிக்கவைத்து, பிறகு அதே கூலி வேலைக்குப் போவதென்றால் யாருக்கு என்ன லாபம்?

---

கணக்குவாத்தியார் | 5 அக்டோபர், மதியம் 1.25

நேர்கோடு அவர்களே, கேட்டதில் தவறே இல்லை. எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநிலத்தில் நூற்றுக்கு ஒருவர். மாநிலத்தின் எழுத்தறிவு அப்போது 80.1 சதவீதம், பழங்குடியினருடையது 54.3. இடைவெளி 26 புள்ளி. "எல்லோரும் ஏழை" என்று ஒரே வரிசையில் நிறுத்தினால், வரிசை எங்கே நிற்கிறது என்றே தெரியாதவர் கடைசியில்தான் நிற்பார். உயர்கல்வியிலும் அப்படித்தான். 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வில், கல்லூரி வயதினர் நூறு பேருக்கு எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்ற மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, பழங்குடியினருக்கு 21.2.

அதோடு, ஸ்காலர்ஷிப் சாதியைப் பார்த்து மட்டும் தரப்படுவதில்லை. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏழையா என்று பார்த்த பிறகுதான் தருகிறார்கள். மற்றச் சமூகத்து ஏழைப் பிள்ளைகளுக்கும் திட்டங்கள் உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகைக்குச் சாதியும் கிடையாது, வருமான வரம்பும் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன். ஒருவருக்குக் கொடுப்பதற்காக இன்னொருவரிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை.

லாபம் யாருக்கு என்றீர்கள். ராஞ்சிப் பக்கத்தில் முண்டா பழங்குடிப் பையன் ஒருவனை அவனுடைய பள்ளி முதல்வர் இங்கிலாந்துக்கு அழைத்துப்போய்ப் படிக்கவைத்தார். அந்தப் பையன்தான் ஆக்ஸ்போர்டில் படித்து, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கிய ஜெய்பால் சிங். பிறகு அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளின் குரலாக நின்றார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பெண் சிவில் நீதிபதித் தேர்வில் வென்றது 2024-ல்தான் செய்தியானது. அந்த மலையில் இனி யாராவது வழக்கு என்று கீழே வந்தால், மேடையில் தங்களைப் போன்ற ஒருவர் இருக்க முடியும் என்று தெரிந்து வருவார்.

வேலை இல்லாத டிகிரி பற்றிய உங்கள் கவலை எனக்கும் உண்டு. அது எல்லாச் சமூகத்துக்கும் பொதுவான கவலை. அதைக் காரணம் காட்டிப் பழங்குடிப் பிள்ளையை மட்டும் படிக்க வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

---

நேர்கோடு | 5 அக்டோபர், மாலை 6.30

26 புள்ளி இடைவெளி இருப்பது எனக்குத் தெரியாது. வருமான வரம்பு இருப்பதும் தெரியாது. என் முதல் கேள்வியை விட்டுவிடுகிறேன். இரண்டாவதைப் பற்றி இன்னும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் இந்த இழையில் வேண்டாம்.

---

தாமரைக்கரை | 5 அக்டோபர், இரவு 8.55

எல்லோரும் எஸ்.டி. ஸ்காலர்ஷிப் தாமதமாக வருகிறது என்று எழுதுகிறீர்கள். எங்களுக்கு அந்தத் தாமதம்கூடக் கிடையாது.

நான் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலை. கரியாலூரானும் நானும் ஒரே இனம். அவர் அத்தை மகளை எங்கள் ஊரில் கட்டிக் கொடுத்திருந்தாலும் ஆச்சரியம் இல்லை. ஆனால் அவர் எஸ்.டி., நான் இல்லை. மத்திய அரசின் பட்டியலில் 'மலையாளி' என்று போட்டு, பக்கத்திலேயே எந்தெந்த மாவட்டம் என்றும் எழுதியிருக்கிறது: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. அதில் ஈரோடு இல்லை. அதனால் பர்கூரிலும் கடம்பூர் மலையிலும் இருக்கிற மலையாளிகள் பழங்குடி இல்லை என்று ஆகிவிட்டது.

என் அண்ணன் பிளஸ் டூவில் நல்ல மார்க். எஸ்.டி. சான்றிதழ் இருந்திருந்தால் அவன் போயிருக்கக்கூடிய இடம் எனக்குத் தெரியும். இப்போது கர்நாடகத்தில் கரும்பு வெட்டுகிறான். வருடா வருடம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிறோம். பட்டியலை மாற்றக் கலெக்டருக்கு அதிகாரம் இல்லை, மாநில அரசுக்கும் இல்லை. அரசியல் சட்டம் 342-இன்படி நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும்.

நரிக்குறவர்களைச் சேர்க்கலாம் என்று, பட்டியலைத் திருத்த மத்திய அரசு அமைத்த லோகூர் குழு 1965-ல் பரிந்துரைத்தது. அவர்கள் பட்டியலுக்குள் வந்தது 2023-ல். நடுவில் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் ஊசிமணி விற்றுக்கொண்டே வளர்ந்துவிட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எங்களுக்கும் அவ்வளவு வருடம் ஆகும் என்றால் என் அண்ணன் பேரனுக்குத்தான் கிடைக்கும்.

---

கரியாலூரான் | 5 அக்டோபர், இரவு 9.20

தாமரைக்கரை தம்பி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. மாவட்ட எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தது மட்டும்தான் எனக்கும் உங்கள் அண்ணனுக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் மனுவில் கையெழுத்துக்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் மலையிலிருந்தும் போடுகிறோம். பட்டியலில் இருப்பவர்களும் சேர்ந்து கேட்டால் அதற்கு எடை கூடும்.

---

மலைத்தேன் | 6 அக்டோபர், மாலை 5.15

எல்லாருக்கும் வணக்கம். நான் ஜவ்வாது மலை. கீழே ஒரு பிரைவேட் காலேஜ்ல பி.காம். ரெண்டாம் வருஷம். ஹாஸ்டல்ல இருக்கேன்.

போன வருஷ ஸ்காலர்ஷிப் இன்னும் வரல. ஃபீஸ் கட்டினாத்தான் ஹால் டிக்கெட்னு சொல்றாங்க. நவம்பர்ல செமஸ்டர். வீட்டுக்கு மில் ஏஜென்ட் வந்துட்டுப் போயிருக்காரு. மூணு வருஷம் இருந்தா மொத்தமா பணம், இப்பவே பத்தாயிரம் அட்வான்ஸ்னு. அம்மா எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. ஆனா ஃபோன்ல "நல்லா சாப்பிடு"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டாங்க. எப்பவும் அவ்ளோ சீக்கிரம் வைக்க மாட்டாங்க.

மாசம் ஆயிரம் புதுமைப் பெண் பணம் ஒழுங்கா வருது. ஸ்காலர்ஷிப் மட்டும் ஏன் வரலன்னு யாருக்காவது தெரியுமா? ஆபீஸ்ல கேட்டா "கவர்ன்மென்ட் போடல"ன்னு சொல்றாங்க.

---

ஃபைல்மேசை | 6 அக்டோபர், மாலை 6.40

மலைத்தேன், பயப்படாதேம்மா. நான் வேறு ஒரு கல்லூரியில் பதினாறு வருடமாக ஸ்காலர்ஷிப் பிரிவில் இருக்கிறேன். நீ சொன்னதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது.

பணம் வராததற்குப் பொதுவான காரணம் பேங்க் கணக்கு. ஸ்காலர்ஷிப் இப்போது கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை, ஆதாரைப் பார்த்துப் போகிறது. கடைசியாக எந்த பேங்கில் ஆதாரை இணைத்தாயோ அங்கே விழும். பல பிள்ளைகளுக்கு என்றைக்கோ திறந்து மறந்துபோன கணக்கில் ஆதார் இணைந்திருக்கும், அந்தக் கணக்கோ முடங்கிக் கிடக்கும். ஆனால் உனக்கு மாதம் ஆயிரம் ஒழுங்காக வருகிறது என்றால் கணக்கு சரியாக இருக்கிறது. அப்படியானால் கோளாறு விண்ணப்பத்தில்.

நாளைக்கு ஆபீசில் "பணம் வந்ததா" என்று கேட்காதே. "என் விண்ணப்பம் காலேஜ் லாகினில் இருக்கிறதா, மாவட்டத்துக்கு ஃபார்வர்டு ஆகிவிட்டதா" என்று கேள். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வேறு வேறு. மாணவர் போட்டதும் முதலில் கல்லூரியில்தான் சரிபார்க்க வேண்டும். நாங்கள் ஒரு பட்டனை அழுத்தாவிட்டால் அது அங்கேயே கிடக்கும், கவர்ன்மென்ட்டுக்குத் தெரியவே தெரியாது. இதை என் தொழிலில் இருப்பவர்கள் எல்லோர் சார்பிலும் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். ஒரு ஆள், ஆயிரம் விண்ணப்பம், கடைசி வாரத்தில் திறக்காத சர்வர். ஆனாலும் அது உன் தப்பு கிடையாது.

ஃபீஸ் விஷயம். 2012-ன் அரசாணை 92 என்று ஒன்று உண்டு. வருமான வரம்புக்குள் இருக்கிற எஸ்.சி., எஸ்.டி. மாணவருக்குச் சுயநிதிக் கல்லூரியிலும் அரசு நிர்ணயித்த கட்டணத்தை அரசே தருகிறது. அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு முதல்வரைப் பார். தனியாகப் போகாதே, வகுப்பு ஆசிரியையைக் கூட அழைத்துப் போ. சரிப்படவில்லை என்றால் கலெக்டர் ஆபீசில் பழங்குடியினர் நலத் திட்ட அலுவலர் இருப்பார், அவருக்கு எழுதிக் கொடு. சண்டை போடும் குரலில் வேண்டாம். "பரீட்சை எழுத அனுமதி வேண்டும், கட்டணம் அரசிடமிருந்து வரவேண்டியது நிலுவையில் உள்ளது" என்று ஒரே வரி.

போன வருடத்து வருமானச் சான்றிதழ் இந்த வருடம் செல்லாது. அதையும் இப்போதே இ-சேவையில் போட்டு வை.

---

பந்தலூர் காற்று | 6 அக்டோபர், இரவு 8.10

கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். இவர்கள் தமிழ்நாட்டின் ஆறு மிகவும் நலிவுற்ற பழங்குடிகளில் இருவர். (மற்ற நால்வர் தோடர், கோத்தர், குறும்பர், இருளர்.) இங்கே கல்லூரி ஸ்காலர்ஷிப் பற்றிப் பேசும் நிலைக்கே பலர் வருவதில்லை. ஏழாவது எட்டாவதிலேயே நின்றுவிடுகிறார்கள். வீட்டில் பேசுவது பணிய மொழி, வகுப்பில் தமிழ், ரோட்டில் மலையாளம். முதல் வகுப்பில் டீச்சர் சொல்வது புரியாத பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பில் மாதம் 225 ரூபாய் ப்ரீ-மெட்ரிக் (ஒன்பது, பத்தாம் வகுப்புக்கான) உதவித்தொகை கொடுத்து என்ன பயன்? பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பணம் வரும் வயது வரை பிள்ளை பள்ளியில் இருக்க, அதன் மொழி தெரிந்த ஒருவர் வேண்டும். எங்கள் ஊரில் பிளஸ் டூ முடித்த பணியர் பெண் ஒருத்தி மாலையில் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைக்கிறாள். அவள் இருக்கும் பாடியில் (பணியர் குடியிருப்பில்) மட்டும் இந்த வருடம் யாரும் படிப்பை விட்டு நிற்கவில்லை.

---

கரியாலூரான் | 7 அக்டோபர், காலை 6.50

மலைத்தேன் தங்கச்சி, ஃபைல்மேசை ஐயா சொன்னபடி செய். அதோடு ஒரு விஷயம்.

இதை இங்கே சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் மலையிலிருந்து படித்து வேலைக்கு வந்தவர்கள் பதினான்கு பேர், ஆறு வருடமாக ஆளுக்கு மாதம் 500 போட்டு வருகிறோம். ஸ்காலர்ஷிப் வரவேண்டிய பிள்ளைக்கு அந்தத் தொகையை நாங்கள் முன்னால் கொடுத்துவிடுவோம். வந்ததும் திருப்பித் தர வேண்டும். வட்டி கிடையாது, எழுத்தும் கிடையாது. ஜெராக்ஸ் கடை அண்ணன் எனக்குச் செய்ததைத்தான் செய்கிறோம். அவரும் பதினான்கில் ஒருவர், மலைக்காரர் இல்லை என்றாலும்.

பெரும்பாலும் தீபாவளிக்கு முன்னால்தான் கேட்பார்கள். இரண்டாயிரம், மூவாயிரம், அதிகபட்சம் ஐந்தாயிரம். அவ்வளவுதான் தேவைப்படுகிறது. ஜவ்வாது மலை எங்கள் எல்லை இல்லை, ஆனால் உனக்குத் தருவதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. தனிச்செய்தியில் எழுது.

---

ஓலைக்கொட்டாய் டீச்சர் | 7 அக்டோபர், காலை 9.30

சார், மனசார வாழ்த்துகிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இதுவும் ஒரு முன்பணம்தானே? ஸ்காலர்ஷிப் வரவே இல்லை என்றால் அந்தப் பிள்ளை உங்களுக்குக் கடன்காரி ஆகிவிட மாட்டாளா? கடனுக்குப் பயந்தே ஊரை விட்டுப் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

---

கரியாலூரான் | 7 அக்டோபர், மதியம் 2.05

டீச்சர், இதே கேள்வி எங்களுக்குள் பெரிய வாக்குவாதமாக நடந்தது. ஸ்காலர்ஷிப் வந்தால் மட்டும் திருப்பித் தரவேண்டும், வராவிட்டால் நாங்கள் கேட்க மாட்டோம். கொடுக்கும்போது அம்மா அப்பா எதிரிலேயே இதைச் சொல்லிவிடுகிறோம். இதுவரை இரண்டு பேர் திருப்பித் தரவில்லை. ஒருவனுக்கு விண்ணப்பமே தள்ளுபடி ஆகிவிட்டது. இன்னொருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள், படிப்பும் நின்றுவிட்டது. அவளிடம் பணம் கேட்கவில்லை. மறுபடி படிக்க வருகிறாயா என்று மட்டும் கேட்டோம், ரொம்ப நேரம் அழுதாள்.

ஆனாலும் டீச்சர் சொல்வது சரி. இது நாங்கள் செய்ய வேண்டிய வேலையே இல்லை. கல்லூரியில் சேரும் ஜூன், ஜூலையிலேயே அரசு முதல் தவணையைப் போட்டுவிட்டால் பதினான்கு பேரின் ஐநூறு ரூபாய்க்கு அவசியமே இருக்காது. புதுப்பித்தலில் என்ன இருக்கிறது? அதே பிள்ளை, அதே சாதி, அதே கல்லூரி. பாஸ் ஆகி அடுத்த வருடத்துக்கு வந்தாயிற்று என்பது மட்டும்தான் புதுச் செய்தி. அதற்கு எதற்கு ஒன்பது மாதம்? மேஸ்திரி என் அப்பாவின் கைரேகைகூட வாங்காமல் எட்டாயிரம் வைத்தார். அவருக்கு எங்கள் மேல் இருந்த நம்பிக்கை அரசுக்கு இல்லை என்று என் அப்பா ஒருநாள் சொன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

---

ஃபைல்மேசை | 7 அக்டோபர், இரவு 9.45

பணம் மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையில் பிரிந்து வருகிறது. எஸ்.டி. போஸ்ட் மெட்ரிக்கில் மத்திய பங்கு 75, மாநிலப் பங்கு 25. ஒரு பக்கத்துக் கணக்கு முடியாமல் அடுத்த பக்கம் நகராது. ஆனால் மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்தில் பிள்ளைகளுக்கு மாதாமாதம் பணம் போகத்தான் செய்கிறது. அதனால் முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

---

மலைத்தேன் | 9 அக்டோபர், மாலை 4.30

அண்ணா, ஐயா, டீச்சர், எல்லாருக்கும் நன்றி.

நேத்து ஐயா சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். ஆபீஸ் அக்கா கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, "உன்னது இங்கேயே இருக்கேம்மா"ன்னு சொன்னாங்க. எங்க கிளாஸ்ல மூணு பேரோடது அப்படித்தான் கிடந்துச்சு. பத்து நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. எட்டு மாசமா அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் காத்திருந்திருக்கேன்.

ஹால் டிக்கெட் தரேன்னு பிரின்சிபால் சொல்லிட்டாரு. அரசாணையைப் பாத்ததும் உக்காரச் சொன்னாரு.

வீட்டுக்கு அண்ணா அனுப்புன மூவாயிரத்தை மாமாகிட்ட குடுத்து விட்டேன். அம்மா நேத்து ராத்திரி ரொம்ப நேரம் பேசினாங்க. ஏஜென்ட் ஞாயித்துக்கிழமை வந்தா என்ன சொல்லணும்னு அவங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க.

இன்னொரு சந்தேகம். தம்பி பத்தாவது படிக்கிறான். அவனுக்கு இன்னும் கம்யூனிட்டி எடுக்கல. அப்பாவோடது 1987-ல எடுத்தது, அட்டையா இருக்கு, தாசில்தார் கையெழுத்து. அது செல்லுமா?

---

ஃபைல்மேசை | 9 அக்டோபர், இரவு 7.20

1989 நவம்பருக்கு முன்னால் தாசில்தார்தான் கொடுத்துக்கொண்டிருந்தார், அதனால் அந்தக் கையெழுத்தில் தவறில்லை. அந்த அட்டையைப் பத்திரமாக வை, லேமினேஷன் போடாதே, மடித்த இடத்தில் கிழிந்திருந்தால் ஒட்டவும் வேண்டாம். அது உன் தம்பிக்கு ஆதாரம். உன்னுடைய சான்றிதழையும் அதோடு சேர்த்து, அவன் பெயரில் இ-சேவையில் ஆர்.டி.ஓ.வுக்குப் புதிதாகப் போடு. கட்டணம் அறுபது ரூபாய்.

இந்த வாரமே போடு. ரிசல்ட் வந்த பிறகு ஜூனில் போடலாம் என்று விடாதே. அப்போது மலை முழுக்க அந்த ஒரு கையெழுத்துக்காக நிற்கும்.